மஸ்கட்டுக்குக் குழாய் கட்டியவர்

உலகத்தில் உள்ள காதுகள் எல்லாம் தன் சத்தத்துக்காகவே படைக்கப்பட்டன என்று மனதார நம்பியவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். கோவில்பட்டியில் அவரைக் குழாய் அண்ணாச்சி என்போம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேலாக டைரி எழுதுகிறவன். நாள், கிழமை, மழை பெய்தால் எவ்வளவு, பெய்யாவிட்டால் பெய்யவில்லை என்று ஒரு வரி, அதன் கீழே அன்றைய சங்கதி. கரிசல்காட்டில் மழைக்கு எழுத அதிகம் இருக்காது என்பதால் சங்கதிக்கு இடம் தாராளம். அந்த இடத்தில் ‘எரிச்சல்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ, அதில் பாதிக்கு மேல் இந்த மனிதரால் வந்தது. இதை எழுதுவதற்காகப் பழைய டைரிகளைப் புரட்டினேன். இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

அவர் ரேடியோசெட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சாவு விழுந்த துட்டி வீடு, எதுவானாலும் அவருடைய நான்கு கூம்புக் குழாய்கள் மரத்தில் ஏறிவிடும். அரை அடி தூரத்தில் நிற்பவரிடமும் கடைசித் தெருவுக்குக் கேட்கும்படிதான் பேசுவார். அவர் ஒரு கடையில் டீ சொன்னால் எதிர்க்கடைக்காரரும் ஒரு டீ போட்டு வைத்துவிடுவார்.

1993 கோயில் கொடைத் திருவிழாவின்போது ஒரு குழாயை என் ஜன்னலுக்கு நேராக வேப்பமரத்தில் கட்டினார். “அண்ணாச்சி, கொஞ்சம் திருப்பி வையுங்க” என்று கெஞ்சினேன். “இம்புட்டுத்தான வே?” என்று ஏறித் திருப்பினார், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக. இறங்கி வந்து மைக்கைப் பிடித்தார். “டைரி எழுதும் அன்பர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, குழாய் எதிர்வீட்டை நோக்கித் திருப்பப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” எதிர்வீட்டுக்காரர் என்னோடு மறுபடி பேச மூன்று வருடம் ஆயிற்று.

இன்னொரு முறை, பரீட்சை நேரம் என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நேரில் வந்து, சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். அண்ணாச்சி பணிவாகத் தலையாட்டினார். பிறகு, சத்தத்தைக் குறைக்கும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்ட செய்தியை நான்கு குழாய்களிலும் ஊருக்கு மூன்று தடவை அறிவித்தார். குறைக்கவில்லை.

“சம்மதம் கேட்டா எவனும் வேண்டாம்னுதான் வே சொல்லுவான். மொதல்ல போட்டுறணும்” என்பார். அவருடைய தொழில் தர்மம் மொத்தமும் இவ்வளவுதான்.

கூம்புக் குழாய்களுக்குத் தடை வந்தது. ஒரு சனிக்கிழமை போலீஸ் ஜீப் வந்து நான்கையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. “ஏலே, நெளியாமக் கொண்டு போங்கலே!” என்று கத்திக்கொண்டே ரயில்வே கேட் வரை ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். பெட்டி ஸ்பீக்கர் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அது அவருக்குக் காதோடு காதாகக் கிசுகிசுப்பது மாதிரி. ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. அதைக் கெடுத்தவன் நான்.

2001 மார்கழியில் துக்கம் கேட்கப் போகிற மாதிரி அவரைப் பார்க்கப் போனேன். கணினிப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. அதென்ன என்று கேட்டார். எச்.டி.எம்.எல். என்பது இணையத்தில் பக்கம் கட்டுவதற்கான குறிமொழி, எழுத்துக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி என்று சொல்லிக்கொண்டே போனவன், வாய் சும்மா இராமல், “பாட்டுக்கும் ஒரு குறி இருக்கு” என்றேன்.

“அந்தப் பாட்டு வெளியூர்ல கேக்குமா வே?”

“அந்தப் பக்கத்தை எந்த நாட்டில் திறந்தாலும் கேட்கும்.”

“போலீஸ் வந்து எறக்குமா?”

“எதை அண்ணாச்சி இறக்குவது? அங்கே குழாயே கிடையாதே.”

ஒரு நிமிடம் புத்தகத்தின் அட்டையையே தடவிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இரவல் கொடுத்துவிட்டு, கொடுத்த நாளை டைரியில் வேறு குறித்துக்கொண்டேன்.

பொங்கல் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. பதினாறு அத்தியாயத்தில் பதினைந்தை அவர் பிரிக்கவே இல்லை. தாள்கள் கடையில் வாங்கின மாதிரியே மொடமொடவென்று இருந்தன. ஒலியைப் பற்றிய பதினோராவது அத்தியாயத்தில் மட்டும் எண்ணெய்க் கறை, டீக்கறை, சிவப்பு மை. ‘கேட்பவர் விரும்பினால் நிறுத்திக்கொள்ள வசதி செய்து தருவது நல்லது’ என்ற வரியை முழுவதுமாக அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தார். என் புத்தகத்தில்! பென்சில் கோடுகூட நான் போட்டது கிடையாது. அந்தத் தாளை மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் அலமாரியில் வீசினேன். திருப்பியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தன் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். அதன் இரண்டு பக்கமும் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கர். ஒலிக்கான குறிக்கு ‘எம்பெட்’ என்று பெயர். பாட்டு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அதற்குள் முகவரி எழுத வேண்டும். அதோடு சில சங்கதிகளும் சேர்க்கலாம். அதை எனக்கே பாடம் எடுத்தார்.

“இங்க பாரும் வே. ஆட்டோஸ்டார்ட்டுன்னா, ஆளு உள்ள காலெடுத்து வச்சதும் பாட்டு தானா ஆரம்பிச்சிரும். லூப்புன்னா, முடிஞ்சா மறுபடி மொதல்லருந்து. ஹிட்டன்னா, நிப்பாட்டுத பொத்தான் கண்ணுக்கே தெரியாது. மூணுக்கும் ட்ரூ, அதாவது ஆமான்னு போட்டுட்டேன்.”

“கேட்கிறவனுக்குப் பிடிக்காவிட்டால்?”

“பிடிக்கும்.”

“எப்படித் தெரியும்?”

“பிடிக்குத வரைக்கும் ஓடும்லா!”

கடம்பூரில் ஒரு போளிக்கடை, ஊருக்குள் ஒரு பட்டாசுக்கடை, ஒரு ஜவுளிக்கடை என்று வரிசையாகப் பக்கம் கட்டினார். எழுத்து அநேகமாகக் கிடையாது. நடுவில் ஒரு படம், பின்னால் ஓயாத சத்தம். பட்டாசுக்கடைப் பக்கத்தைத் திறந்தால் பத்தாயிரம் வாலா வெடிக்கும். அவர் கடையில் அதைக் கேட்டபோது என் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. டைரியில் இருக்கிறது.

போளிக்கடைக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். “அண்ணாச்சி, மதுரையில எம் மச்சான் தொறந்து பாத்தானாம். படம் வருதாம், சத்தம் வரலையாம்.”

“உம்ம மச்சானுக்குக் காது கேக்குமா?”

“நல்லாக் கேக்கும்.”

“டாக்டர்ட்டக் காட்டிச் சொல்லுதீரா, நீராச் சொல்லுதீரா?”

போளிக்கடைக்காரர் போய்விட்டார். வேறு யாரும் புகார் சொல்லவும் வழியில்லை. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஸ்பீக்கரையே கழற்றி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி கடையில் போய்க் கேட்டால்தான் கேட்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கம்ப்யூட்டரை அவர் அணைக்கவே மாட்டார். கரண்டு போனால் லாரி பேட்டரியில் ஓடும். பேட்டரியும் தீர்ந்த ஒருநாள் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார்: “இங்கன பெட்டி நின்னுட்டா மதுரையில பாட்டு நின்னுரும்யா! ஒமக்குக் கவலை இருக்கா?” அந்தப் பக்கம் இருந்தவர், மதுரை விஷயத்தை மதுரை ஆபீசில்தான் கேட்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் ‘கோட்டி முற்றிவிட்டது’ என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அவர் மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசி இதற்காக என்மேலேயே உண்டு.

இனி செல்லத்தாய். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். நான் கிளார்க்காக இருந்த ஆபீசில் லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்தாள். ஊர் புதூர்ப் பக்கம். கணவன் முருகேசன் மஸ்கட்டில் கட்டட வேலை. அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள் பேச்சிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சிரிக்கும், கூப்பிட்டால் திரும்பும், வாய் மட்டும் திறக்காது. மாமியார் விடவில்லை. “பேரு பேச்சி, மூச்சுக் காணும். பொறவி ஊமையப் பெத்துட்டு எம் மவன்ட்ட மறைக்கா” என்று மஸ்கட்டுக்கே எழுத வைத்துவிட்டாள்.

2002 சரஸ்வதி பூஜைக்கு ஆபீசில் பெட்டி ஸ்பீக்கர் வைக்க அண்ணாச்சி வந்தார். பெண்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். பேச்சிக்கு ஒரு முழ தூரத்தில் ஸ்பீக்கரை நிறுத்தி முழுச் சத்தத்தில் பாட்டைத் தட்டிவிட்டார். பிள்ளை முகம் சிவக்க எழுந்தது. இடுப்பில் கை வைத்தது. அண்ணாச்சியைப் பார்த்து, ஆபீசே அதிர, “ஏலே! நிப்பாட்டுலே!” என்றது.

தலைமையாசிரியர் சொல்லியும் நிறுத்தாதவர் நிறுத்தினார். மூன்று வருடமாக வராத பேச்சு, இந்த மனிதர்மேல் வந்த ஆத்திரத்தில் வந்தது. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. செல்லத்தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி ஊரெல்லாம் போய், “நம்ம செட்டு சத்தத்துல ஊமையே பேசிட்டு!” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முருகேசனை மஸ்கட்டிலிருந்து எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடச் சொல்லிப் பிள்ளை கையில் ரிசீவரைக் கொடுத்தார்கள். அது ரிசீவரை உற்றுப் பார்த்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவன், “பேச்சி, பேச்சி” என்று கூப்பிட்டதுதான் மிச்சம். அவன் சந்தேகம் இறுகிவிட்டது.

“மஸ்கட்டுதான? ஒரு பக்கம் கட்டிருவோம்” என்றார் அண்ணாச்சி. பேச்சியைக் கடைக்கு வரவழைத்து மைக்கின் முன்னால் நிறுத்தினார். பேசவில்லை. பட்டாசுக்கடைப் பக்கத்தைத் திறந்தார். உடனே பேசியது. “ஏலே, நிப்பாட்டுலே! எங்கப்பாட்டச் சொல்லிக் குடுத்துருவேன்!” ஒன்பது விநாடிப் பதிவு. ரெட்டைச் சடையும் ரிப்பனுமாக ஒரு படம். கடையில் திறந்து காட்டினார். படம் வந்ததும் பிள்ளை திரும்பத் திரும்ப அதட்டியது. நானும் இருந்தேன். பக்கத்தின் முகவரியை எழுதி, ‘நானே என் காதால் கேட்டேன்’ என்று கையெழுத்தும் போட்டு மஸ்கட்டுக்குக் கடிதம் அனுப்பினேன். எதையும் சரிபார்க்காமல் எழுதாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, செல்லத்தாய் என் மேசைமேல் ஒரு கடிதத்தைப் போட்டாள். அழவில்லை. முகம் இறுகியிருந்தது.

“படிங்க அண்ணாச்சி.”

முருகேசன் எழுதியிருந்தான். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்தானாம்: பக்கம் வந்தது, படம் வந்தது, சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி திறந்த பக்கத்தில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, நம் பக்கம்தான் ஊமை. ‘வாயத் தொறந்து வச்சுப் படம் எடுத்தாப் பேசுனதா ஆயிருமா? படிச்ச ஆளையும் கூட்டுச் சேத்துப் பொய் எழுத வச்சிருக்க. தை மாசம் வாறேன். எங்கம்மா சொன்னபடி ஒரு முடிவு எடுத்துருவேன்.’

“எழுதுனது நீங்கதான? காதால கேட்டேன்னு எழுதுனியள்லா? இப்ப நானும் பொய்யி, நீங்களும் பொய்யி, எம் பிள்ள ஊமை. தைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. என்ன செய்யப் போறிய?”

அப்படியே அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் பக்கத்தைத் திறந்தார். “ஏலே, நிப்பாட்டுலே!” என்று பிள்ளை குரல் தெருவரைக்கும் போயிற்று.

“கேட்டீரா? இம்புட்டுச் சத்தம் ஒமக்குக் கேக்கு, மஸ்கட்டுக்காரனுக்குக் கேக்கலையா? அந்த ஊரு ஸ்பீக்கர்ல மண்ணு அடைச்சிருக்கும்வே! பாலைவனம்லா!”

“மலையாளி பாட்டு கேட்டிருக்கிறதே?”

“மண்ணுல்லாத ஸ்பீக்கரு பாத்து உக்காந்திருப்பான். வெவரமான ஆளு.”

அவரோடு பேசிப் பயனில்லை. ஆபீசுக்குத் திரும்பினேன். முதலாளி மகன் புதிதாக வாங்கியிருந்த கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இருந்தது. பேச்சியின் பக்கத்தை அண்ணாச்சி கடையைத் தவிர வேறு இடத்தில் நான் திறந்தது அதுதான் முதல் தடவை. ரெட்டைச் சடை வந்தது. சத்தம் இல்லை. பட்டாசுக்கடையைத் திறந்தேன். ஒரு பொட்டுவெடிகூட இல்லை. போளிக்கடை, ஜவுளிக்கடை, எல்லாம் வாயடைத்துக் கிடந்தன.

பக்கத்தின் உள்ளே எழுதியிருக்கும் குறிகளைத் திறந்து பார்த்தேன். எம்பெட். ஆட்டோஸ்டார்ட், லூப், ஹிட்டன், மூன்றும் ட்ரூ. பாட்டுக் கோப்பின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், டி டிரைவ், ‘கேசட்’ என்ற பெட்டி. அதாவது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் கடையில், அவர் மேசைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் டி டிரைவ்! மஸ்கட்டில் திறந்தால் அந்தப் பக்கம் மஸ்கட் கம்ப்யூட்டரின் டி டிரைவில் போய்ப் பேச்சியைத் தேடியிருக்கிறது. அங்கே எப்படி இருப்பாள்?

வீட்டுக்கு ஓடிப் போய்ப் புத்தகத்தின் அந்தத் தாளைத் திருப்பினேன். ‘ஒலிக் கோப்பையும் பக்கத்தோடு சேர்த்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும், இல்லையெனில் பிறருக்குக் கேட்காது’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதன்மேல் சிவப்பு மைக்கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்து: ‘தேவையில்லை.’

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் மிதித்ததில்லை.

“படத்தை ஏத்தத் தெரிஞ்ச ஒமக்குப் பாட்டை ஏத்தத் தெரியாதா வே?” கோபத்தில் எனக்கும் அவர் பாஷை வந்துவிட்டது.

“ஏன் வே ஏத்தணும்?” அவருக்கு என்னைவிடக் கோபம். “சீரியல் லைட்ட எங்க கட்டுவோம்? கல்யாண வீட்டுல. கேசட்ட எங்க வைப்போம்? நம்ம பெட்டியில. கொழாயி ஊர் எல்லையில இருக்கும், கேசட்டு எங்கிட்ட இருக்கும். வயரு கொண்டு போகும். எவனாவது கேசட்டக் கொண்டு போயிக் கொழாயிக்குள்ள வைப்பானா? முப்பது வருசமாத் தொழில் செய்யுதேன், எனக்குப் பாடம் சொல்லுதீரே!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரை அணைக்காதது, பேட்டரி, மின்வாரியத்துக்குப் போன், எல்லாம் ஒரே கணக்கு. படத்தை அலங்கார விளக்கு மாதிரி வெளியே கட்டிவிட்டார். பாட்டைக் கேசட் மாதிரி வீட்டில் வைத்துக்கொண்டு, உலகத்துக்கு வயர் போட்டுவிட்டதாக ஒரு வருடம் காவல் இருந்திருக்கிறார்.

கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பேச்சியின் பக்கத்தைத் திறந்தார். சத்தம் இல்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி அதன் முனையில் விரலை வைத்தார். ‘கொர்’ என்றது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. போளிக்கடையைத் திறந்தார். பட்டாசுக்கடையைத் திறந்தார். தலையைச் சாய்த்துக் காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு வருசமா வே… ஒருத்தனுமா கேக்கல?”

மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். அவரைத் திட்டுவதற்கு வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மூடினேன். ஆனாலும் பாழாய்ப் போன என் குணம், தகவல் என்றால் சரியாகச் சொல்லிவிட வேண்டும். “ஒருத்தனும் கேட்கவில்லை” என்றேன். ஏன் சொன்னேனோ.

அட்டைக் கட்டோடு வாசலில் நின்ற செல்லத்தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, மூஞ்சியத் தொங்கப் போடுறத அப்பறமாப் போடுங்க. மொதல்ல எம் பிள்ளைய ஏத்துங்க.”

மூவரும் அவர் கடைக்குத் திரும்பினோம். ஏற்றுவது அப்போது லேசான காரியமா? டெலிபோன் வயர் வழியாகத்தான் இன்டர்நெட். அண்ணாச்சி தரம் குறையக் கூடாது என்று ஒன்பது விநாடியை மலை மாதிரிப் பெரிய கோப்பாகப் பதிந்து வைத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஊர்ந்து முடியப் போகிற நேரத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை, பாதியில் பழக்கதோஷத்தில் ரிசீவரை எடுத்து “ஹலோ!” என்று அவரே அறுத்துவிட்டார். நான் பேசியதை இங்கே அச்சிட முடியாது.

நான்காவது தடவை கடை வாசலில் வந்து நின்றுகொண்டார். மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ் வண்டிக்காரரைக் கை நீட்டி மறித்தார். “ஏலே, மணியடிக்காத! பைய உருட்டிக்கிட்டுப் போ! உள்ள பிள்ள போய்க்கிட்டிருக்கு!” மோட்டார் சைக்கிள்காரர்களை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். சத்தம் போட்டால் வயரில் போகிற குரல் கலைந்துவிடும் என்று பயம். தெருவில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். குழாய் அண்ணாச்சி ஊரை அமைதியாக இருக்கச் சொல்லுகிறார்!

ஏறிவிட்டது. முகவரியை நானே திருத்தினேன். “அந்த ஹிட்டனை எடுத்துவிடுங்கள். முருகேசன் நிறுத்த நினைத்தால் பொத்தான் வேண்டும்” என்றேன். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். “எடுக்க மாட்டேன்!” கால் மணி நேரம் சண்டை போட்டோம். செல்லத்தாய்தான் தீர்ப்புச் சொன்னாள்: “அது நிக்கவே கூடாது.”

அடுத்துவந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, நம் ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்குப் பக்கத்தைத் திறந்துவிட்டு, அங்கிருந்தே அண்ணாச்சி கடைக்குப் போன் செய்யும்படி முருகேசனுக்கு எழுதினேன். ‘கடைசியாக ஒரு தடவை’ என்று இரண்டு முறை எழுதியிருந்தேன்.

அன்று மழை இல்லை. ஐந்தரைக்கே போய்விட்டேன். செல்லத்தாய் பேச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடை வழக்கத்துக்கு மாறாக இருட்டியிருந்த மாதிரி இருந்தது. பிறகுதான் கவனித்தேன், கம்ப்யூட்டர் ஓடவில்லை.

“அணைச்சிட்டேன் வே” என்றார் அண்ணாச்சி. “நம்ம பெட்டி நிக்கும்போது அவனுக்குக் கேக்கணும். அப்பத்தான் கேட்டதாக் கணக்கு.”

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால். நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு இருபத்திரண்டுக்கு மணி அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். ரிசீவரைக் காதில் வைக்கத் தேவையே இல்லாமல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. முதலில் ஒரு பிள்ளையின் அதட்டல். அதற்குமேல் ஓர் ஆணின் குரல். அதற்கும்மேல் மலையாளத்தில் யாரோ கத்துவது.

“அண்ணாச்சி! நிப்பாட்டத் தெரியல அண்ணாச்சி! கடைக்காரர் ஏசுதாரு! எல்லாரும் திரும்பிப் பாக்காங்க!”

“நிப்பாட்டாதலே!” என்று அண்ணாச்சி கத்தினார். “ஓடட்டும்! காது குளிரக் கேளு!”

“எங்கப்பாட்டச் சொல்லிக் குடுத்துருவேங்கால்லா!” அவன் குரல் உடைந்தது. “அண்ணாச்சி, எங்கப்பாங்கா! எங்கப்பாங்கா!”

செல்லத்தாய் எழுந்து வந்தாள். அண்ணாச்சி ரிசீவரை அவளிடம் கொடுக்கவில்லை. குனிந்து பேச்சியின் காதில் வைத்தார். எட்டாத ஊரிலிருந்து எவளோ ஒருத்தி தன்னை விடாமல் அதட்டுவதை அந்தப் பிள்ளை கேட்டது. முகம் சிவந்தது. பூத்தில் எத்தனை கெஞ்சியும் வாயைத் திறக்காத பேச்சி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மஸ்கட்டைப் பார்த்துக் கத்தினாள்:

“நீ நிப்பாட்டுட்டி!”

அந்தப் பக்கத்து அதட்டல் சட்டென்று நின்றது. கடைக்காரர் கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டாராம், பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் மட்டும் வந்தது. “இன்னொரு தடவ ஏசு தாயி.”

தை மாதம் முருகேசன் வந்தான். அழுத்தினால் அலறுகிற பொம்மை ஒன்று வாங்கி வந்திருந்தான். முடிவு எதுவும் எடுக்கவில்லை. அவன் அம்மாவின் வாயைப் பேச்சியே கவனித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி எல்லாப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றி, எல்லா முகவரிகளையும் திருத்தினார். ஒரு மாதத்துக்குள் போளிக்கடைக்காரர், பட்டாசுக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர் எல்லோரும் வந்து, தயவுசெய்து சத்தத்தை எடுத்துவிடும்படி சண்டை போட்டார்கள். “இப்பக் கேக்குல்லா!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

என் புத்தகத்தின் அந்தத் தாள் இன்னும் சிவப்பு மையோடுதான் இருக்கிறது. அதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. போன ஆவணியில் அவர் இறந்து போனார். தடை கூம்புக் குழாய்க்குத்தான், ஆனாலும் வீட்டார் ஒரு பெட்டி ஸ்பீக்கர்கூட வைக்கவில்லை. அந்தத் தெருவில் முதல்முறையாக மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்து எழுதினேன்: மழை இல்லை. சத்தம் இல்லை. எரிச்சல்.